எச்சிலில் தேடும் வம்சம்

நம் எச்சிலுக்கு இப்படி ஒரு கிராக்கி வருமென்று யாரும் நினைத்திருக்க முடியாது. பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டப்படாதவன் தெருவில் எச்சில் துப்பிவிடக் கூடாதென்று அவன் கழுத்தில் மண்சட்டியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இன்றைக்கு என்னடாவென்றால் ஒரு பிளாஸ்டிக் குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்புங்கள், உங்கள் பாட்டன் பூட்டன் யார், எந்தத் தேசம், எத்தனை விழுக்காடு என்று புட்டுப்புட்டு வைக்கிறோம் என்று கம்பெனிகள் கடை விரித்திருக்கின்றன. அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேர் துப்பிவிட்டார்கள். இங்கேயும் வந்துவிட்டது. வரட்டும், விஞ்ஞானம்தானே, அதில் உனக்கென்ன கடுப்பு என்று கேட்கிற தோழர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கடுப்பு இருக்கிறது. நம் கூட்டங்களிலேயே இப்போது இந்தப் பேச்சு கேட்கிறது. ஒரு மாணவர் கூட்டத்தில் தம்பி ஒருவன் எழுந்து, "அண்ணே, இந்த டெஸ்ட்டு ரேட்டு இன்னும் கொறஞ்சா நம்மதான் ஆதிக்குடின்னு ஒரே நாள்ல நிரூபிச்சிரலாம்ணே" என்றான். பலத்த கைதட்டல். கைதட்டியவர்களில் பாதிப்பேர் அம்பேத்கரைப் படித்தவர்கள். அந்தப் பக்கம் சாதிச் சங்கத்துக்காரன் மேடை போட்டு எங்கள் ரத்தம் கலப்பில்லாத ரத்தம் என்று மீசையைத் தடவுகிறான். இருவருக்கும் வேண்டியது ஒரே சாட்சிதான், ரத்தம். அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யாமல் நாம் கைதட்டக் கூடாது.

விசாரணையை அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். ஒரு குடும்பம் தன் வம்சத்தை மரபணுவில் தேடிய கதைகளில் எனக்குத் தெரிந்து இதைவிட முக்கியமானது இல்லை.

எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சன், தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட கறுப்பு அடிமைகளுக்குச் சொந்தக்காரன். வர்ஜீனியாவில் மாண்டிசெல்லோ என்ற மலையின்மேல் அவன் பண்ணை. (நம்மூர் மிராசுதாரைப் போலத்தான், இவன் கொஞ்சம் புத்தகம் படித்த மிராசு.) அங்கே சாலி ஹெமிங்ஸ் என்றொரு அடிமைப்பெண். ஜெபர்சனின் மாமனார், தன் வீட்டு அடிமைப்பெண்ணுக்குக் கொடுத்த பிள்ளை அவள். அதாவது ஜெபர்சன் மனைவிக்கு, தாய் வேறானாலும் தகப்பன் ஒன்றான தங்கச்சி. மாமனாரின் சொத்து மருமகனுக்கு வந்தபோது இந்தத் தங்கச்சியும் சொத்தோடு சொத்தாக வந்தாள். மனைவி 1782இல் செத்தாள். 1787இல் ஜெபர்சன் பாரிசில் தூதராக இருந்தபோது அவனுடைய சின்ன மகளுக்குத் துணையாக சாலியை அனுப்பிவைத்தார்கள். அப்போது அவளுக்கு வயசு 14.

அவளுக்குப் பிறந்த பிள்ளைகளில் நான்கு பேர் பிழைத்து ஆளானார்கள். பெவர்லி, ஹாரியட், மேடிசன், எஸ்டன். அவ்வளவு பேரும் ஜெபர்சனின் அடிமைகள். பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்று வர்ஜீனியாவில் 1662லேயே சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான சட்டம் பாருங்கள்! ஆண்டை அடிமைப்பெண்ணைத் தொட்டால் அது குற்றமில்லை, வருமானம். தொழுவத்தில் ஒரு கன்று கூடியது மாதிரி.

1802இல் ஒரு பத்திரிகைக்காரன் இதை அச்சில் ஏற்றினான். ஜெபர்சன் அப்போது ஜனாதிபதி, கடைசிவரை வெளிப்படையாக வாயைத் திறக்கவில்லை. 1873இல் சாலியின் மகன் மேடிசன், ஒகையோவில் தச்சு வேலை பார்த்து வாழ்ந்த மனிதர், ஒரு பத்திரிகையில் தன் கதையைச் சொன்னார். என் அப்பன் ஜெபர்சன்தான், பாரிசிலேயே சுதந்திரம் கேட்டு இருந்துவிட முடியும் என்றிருந்தும் என் தாய் திரும்பி வந்தது பிறக்கப்போகும் பிள்ளைகளை 21 வயசில் விடுதலை செய்வதாக அவன் கொடுத்த வாக்கை நம்பித்தான் என்று சொன்னார். இதைவிடத் தெளிவாக ஒரு மகன் என்ன சொல்ல முடியும்?

ஒரு நூறு வருஷத்துக்கு மேல் வரலாற்றுப் பேராசிரியர்கள் அதைக் குப்பையில் போட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? ஜெபர்சன் போன்ற பண்புள்ள பெருமகன் இப்படிச் செய்திருக்கவே மாட்டார். அவருடைய குணத்துக்கு அது ஒத்துவராது. ஜெபர்சனின் பேரனும் பேத்தியும், அது எங்கள் தாத்தா இல்லை, அவருடைய அக்காதங்கை பிள்ளைகளான கார் சகோதரர்கள் செய்த வேலை என்று பழியைத் திருப்பிவிட்டார்கள். வெள்ளைப் பேரன் சொன்ன செவிவழிச் செய்தி ஆவணம் ஆயிற்று. கறுப்பு மகன் தன் தாயைப் பற்றிச் சொன்னது வதந்தி ஆயிற்று.

இந்த வாதத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கண்ணால் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். உயர்நீதிமன்றம் குற்றவாளிகளை விடுதலை செய்தபோது என்ன சொல்லிற்று? காரும் நிலபுலனும் வைத்திருக்கிற பணக்காரர்கள் இவ்வளவு தூரம் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப முடியவில்லையாம். வர்ஜீனியாவுக்கும் நாகைக்கும் எத்தனை கடல் தூரம். ஆண்டையின் குணம் சாட்சி, அடிமையின் கண் சாட்சியில்லை.

சரி, மரபணுக்கு வருவோம். 1997இல் அனெட் கார்டன்-ரீட் என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர், வரலாற்றாசிரியர்கள் இந்தச் சாட்சியங்களை எப்படியெல்லாம் ஓரவஞ்சனையோடு எடைபோட்டார்கள் என்று ஒரு புத்தகம் எழுதித் தோலுரித்தார். கவனியுங்கள், எந்தச் சோதனையும் வருவதற்கு முன்னால். காகிதத்தையும் வாய்மொழியையும் நேர்மையாகப் படித்தாலே உண்மை தெரிந்தது. மறு வருஷம், 1998 நவம்பரில், 'நேச்சர்' இதழில் யூஜின் ஃபாஸ்டர் குழுவினரின் சோதனை முடிவு வந்தது. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குகிற ஒய் குரோமோசோமை எடுத்துப் பார்த்தார்கள். ஜெபர்சனுக்கு மனைவி வழியில் ஆண்வாரிசு பிழைக்கவில்லை, அதனால் அவனுடைய சித்தப்பன் பெரியப்பன் வழி ஆண்களின் ரத்தம். எஸ்டனின் ஆண்வழி வாரிசின் ரத்தம் அதோடு பொருந்தியது. கார் சகோதரர்கள் வழி பொருந்தவில்லை. பேரன் பேத்தி சொன்னது பொய் என்று ஆனது. 2000இல் மாண்டிசெல்லோவை நிர்வகிக்கிற அறக்கட்டளையே எஸ்டனுக்கும், பெரும்பாலும் சாலியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜெபர்சன்தான் தகப்பன் என்ற முடிவுக்கு வந்தது. விடாப்பிடியானவர்கள் உடனே ஜெபர்சனின் தம்பியை இழுத்து வந்து நிறுத்தினார்கள். அந்தத் தம்பியின் பெயரை அதற்கு முன்னால் யாரும் பெரிதாகச் சொன்னதில்லை. ஆண்டையைக் காப்பாற்ற எத்தனை தம்பிகள்!

இந்த இடத்தில் மரபணுவை நான் வரவேற்கிறேன். ஆதிக்கத்தின் பொய்யை உடைக்கிற கடப்பாறையாக அது பயன்பட்டால் பயன்படட்டும். ஆனால் கடப்பாறையை வீட்டுக்கு அஸ்திவாரமாகப் போட முடியாது. அதே சோதனையில் சிக்கிய இன்னும் இரண்டு குடும்பங்களைப் பாருங்கள், புரியும்.

எஸ்டன், விடுதலையான பிறகு விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, ஹெமிங்ஸை விட்டு ஜெபர்சன் என்று பெயர் வைத்துக்கொண்டு, வெள்ளையராக வாழத் தொடங்கினார். தோல் நிறம் இடம் கொடுத்தது. நம்மில் சிலர் பட்டணத்துக்குப் போய் ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்லி, சொந்தக்காரன் வந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புகிறார்களே, அந்த மாதிரி வாழ்க்கை. குறை சொல்வதற்கில்லை, உயிர் பிழைக்கிற வழி. அவருடைய வம்சத்தார் வெள்ளையராகவே பிறந்து வளர்ந்தார்கள். நாம் ஜெபர்சனின் சித்தப்பா வழியில் வந்தவர்கள் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தங்கள் மூதாய் ஒரு கறுப்பு அடிமை என்று அவர்களுக்குத் தெரிய வந்தது. அந்த மூதாயின் பெயரை ஏற்றுக்கொண்டு கறுப்பு உறவினர்களைத் தேடிப்போய்க் கை கொடுத்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை உறவை உண்டாக்கவில்லை, கதவைத் தட்டியது, அவ்வளவுதான். திறப்பதும் திறக்காததும் உள்ளே இருக்கிறவன் அரசியல். திறக்காதவர்களும் உண்டு. ஜெபர்சனின் மகள்கள் வழி வாரிசுகள் நடத்தும் மாண்டிசெல்லோ சங்கம், 1999இல் ஹெமிங்ஸ் வம்சத்தாரை விருந்தாளியாக அழைத்தது. 2002இல் உறுப்பினராகச் சேர்ப்பதா என்று ஓட்டெடுத்து, முடியாது என்றது. குடும்பக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யும் உரிமை உறுப்பினருக்குத்தான். இங்கே சுடுகாட்டுக்குப் பாதை மறிக்கிறான், அங்கே ஓட்டெடுத்து மறிக்கிறான். 'நேச்சர்' இதழ் வந்தால் மட்டும் சுடுகாட்டுக் கதவு திறந்துவிடாது.

மற்றொரு குடும்பம் உட்சன் குடும்பம். சாலியின் மூத்த மகன் தாமஸ் உட்சன் எங்கள் பாட்டன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கறுப்பினக் குடும்பம். அவர்களில் ஐந்து ஆண்கள் ரத்தம் கொடுத்தார்கள். பொருந்தவில்லை. அதற்குப் பிறகும் அந்தக் குடும்பத்தார் கதையை விடவில்லை, 2001இல் அவர்களில் ஒருவர் புத்தகமே எழுதினார். அந்தக் கதை உண்மை என்று நான் வாதாட வரவில்லை. என் கேள்வி வேறு. அந்தத் தாமஸ் உட்சனின் மகன் லூயிஸ் உட்சன் யார்? போதகர், பள்ளி ஆசிரியர், அடிமை ஒழிப்புப் போராளி. கறுப்பின தேசியத்தின் முன்னோடியான மார்ட்டின் டெலானிக்குப் பாடம் சொன்னவர். கறுப்பர்களுக்கான வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்தை 1856இல் தொடங்கிய அறங்காவலர்களில் ஒருவர். இப்படி ஒரு பாட்டன் இருக்கும்போது, பிரகடனத்தில் ஒன்று எழுதிப் பண்ணையில் ஒன்று செய்த ஆண்டையின் ரத்தம் எதற்கு? அந்த ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை என்றதும் அந்த வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆனதென்றால், அதுதான் ஆண்டையின் வெற்றி.

இதை எழுதும்போது நம்மூர்ச் சுவரொட்டிகள் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. 'ஆண்ட பரம்பரை'. எல்லாச் சாதியும் ஆண்டிருக்கிறது, ஆளப்பட்டவன் மட்டும் ஒருத்தனும் இல்லை இந்த நாட்டில்! நம் பையன்களும் வாளையும் கிரீடத்தையும் போட்டு அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அடேய், நடவு நட்டவள், கிணறு வெட்டியவன், செத்த மாட்டை உரித்துத் தோலைப் பதமாக்கிய தொழில்நுட்பக்காரன் இவர்களெல்லாம் பாட்டன் பாட்டியாகப் பற்றாதா உனக்கு? ராசா வேணுமா?

ஆண்டையின் ரத்தம் சேரியில் இல்லாமலா இருக்கிறது? இதைப் பேசக் கூச்சப்படுகிறோம், பேசித்தான் ஆக வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெரியவரைப் பற்றி அவர் இல்லாத நேரத்தில் 'பண்ணவூட்டு ஜாடை' என்பார்கள். மூக்கும் நெற்றியும் அப்படியே. ஊர்த்தெருவுக்கும் அது தெரியும். அவர் காலம் முழுக்க அதே பண்ணையில் ஏர் ஓட்டினார், கூலி கேட்டால் கட்டி வைத்து அடித்தார்கள். வர்ஜீனியா சட்டம் இங்கே எழுதாமலே நடந்தது. சின்ன வயசில் என் அப்பாயியிடம் இதைக் கேட்டிருக்கிறேன். வெற்றிலையை இடித்துக்கொண்டே, "மூக்கப் பாத்து என்னாடா பண்றது? ராத்திரியெல்லாம் தோள்ல போட்டுத் தட்டுனவன் யாரு? கஞ்சி ஊத்துனவன் யாரு? அவன்தான் அப்பன். மத்தது தெருவுல போற நாயி" என்றாள். கைநாட்டுக்காரி. வாரிசு யார் தகப்பன் யார் என்று இதைவிடக் கறாராக ஒரு தீர்ப்பை நான் இதுவரை படித்ததில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் மரபணுவில் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைய ஐரோப்பிய வம்சம் இருப்பதாக 2015இல் வெளியான ஆய்வு சொன்னது. அதில் ஐரோப்பிய ஆண்களின் பங்குதான் பெண்களுடையதைவிட அதிகம். அந்த விழுக்காட்டைக் கம்பெனிக்காரன் வண்ண வரைபடமாகப் போட்டு அனுப்புகிறான், பரம்பரைப் பெருமை என்று தலைப்பு வைத்து. பலாத்காரத்தின் கணக்குப் புத்தகம் அது. ஒருத்தி அதைப் பிரித்துப் பார்த்து நம்மில் இத்தனை பங்கு இங்கிலாந்து என்று மகிழ வேண்டுமா, அழ வேண்டுமா? அதை அந்த வரைபடம் சொல்லாது. ஒய் குரோமோசோம் சொல்வதோ இன்னும் சின்னக் கதை. பத்துத் தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1024 பாட்டன் பாட்டிகள். அவர்களில் ஒரே ஒரு ஆணைத்தான் அது காட்டும். மீதி 1023 பேர் எங்கே? பெண்கள் எங்கே? அப்பன், அப்பனுக்கு அப்பன் என்று ஆண்வழியாக மட்டும் மேலேறிப் போகிற வம்சத்தை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். அதன் பெயர் கோத்திரம்.

இந்திய மரபணு என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகளும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2009இலும் 2013இலும் ஆய்வுகளை வெளியிட்டார்கள். இந்தத் துணைக்கண்டத்தில் அவர்கள் ஆராய்ந்த குழுக்களில் ஏறக்குறைய எல்லாமே கலப்பு, விகிதம்தான் கூடக் குறைய. சுமார் 4200 வருஷத்திலிருந்து 1900 வருஷம் முன்புவரை பரவலாகக் கலந்தவர்கள், அப்புறம் அகமணத்துக்குள் அடைபட்டார்கள். கலப்பில்லாத ரத்தம் என்று மீசை தடவுகிறவனுக்கு இது செருப்படி. ஆனால் நம்ம தம்பிக்கும் இதில் பட்டயம் எதுவும் கிடையாது. ஆதிக்குடி ரத்தம் என்று தனியாகப் பிரித்து எடுத்து நம் கையில் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. கொடுத்தால்தான் என்ன செய்வோம்? பஞ்சமி நிலம் நம் கையைவிட்டுப் போனது மரபணுச் சான்றிதழ் இல்லாததாலா? சாதி என்பது ரத்தம் இல்லை, பூட்டு. அகமணம் என்ற பூட்டு. 1916இல், 25 வயசில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் படித்த கட்டுரையின் சாரமே இதுதான். மூக்கை அளந்து சாதியைப் பிரித்துக்கொண்டிருந்த ரிஸ்லியின் காலத்தை ஒட்டி நின்று அதைச் சொன்னார். பின்னாளில், 1948இல் 'தீண்டப்படாதோர்' நூலில், அதே மூக்கு அளவுகளை எடுத்துவைத்துப் பார்ப்பனருக்கும் தீண்டப்படாதாருக்கும் இன வேறுபாடு இல்லை என்று அவர்கள் ஆயுதத்தாலேயே அடித்தார். அடித்துவிட்டு ஆயுதத்தைக் கீழே போட்டார். நாம் அதை எடுத்துப் பூசை போடுகிறோம்.

நமக்கு முதன்முதலில் வம்ச விருட்சம் எழுதித் தந்தவன் மனு என்பதையும் மறக்க வேண்டாம். சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவன் சண்டாளன் என்று, சோதனைக் குழாய் எதுவும் இல்லாமலே, நம் பிறப்பைக் கண்டுபிடித்துச் சொன்னவன். பிறப்பை வைத்து எழுதிய அந்தக் கதைக்கு மறுப்பாகப் பண்டிதர் அயோத்திதாசர் ரத்தத்தையா காட்டினார்? பூர்வ பௌத்தர் என்றார். ஒரு காலத்தில் நாம் என்ன நம்பினோம், என்ன எழுதினோம், எதற்காகத் தாழ்த்தப்பட்டோம் என்பதிலிருந்து ஒரு குலத்தை உண்டாக்கினார். சேர விரும்புகிற எவனும் சேரக்கூடிய குலம் அது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எச்சிலும் ரத்தமும் யார் கைக்குப் போகிறது? இந்த வியாபாரத்தில் முன்னோடியான 23அண்ட்மீ கம்பெனியில் 2023இல் திருட்டுப் போனது சுமார் 69 லட்சம் பேரின் விவரம். 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. மற்றவர்களுக்கு இது அந்தரங்கம் பறிபோன கவலை. நமக்கு? 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். விசாரணை என்று வந்தவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களிடமே மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள். எங்களைக் குற்றவாளியாக்கவா ரத்தம் கேட்கிறீர்கள் என்று சிலர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்த மூன்று பேரும் அந்த மக்களைச் சேர்ந்தவர்கள்தான். அமெரிக்காவில் பரம்பரை தேடப் போகிற மரபணு, சேரிக்கு வரும்போது போலீசோடு வருகிறது. அந்தத் தம்பி டெஸ்ட்டு ரேட்டு குறையட்டும் என்றானே, வேங்கைவயலில் ஓசியிலேயே எடுத்தார்கள்.

மறுத்தவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். மேடிசன் ஹெமிங்ஸுக்குச் சோதனைக்கு ஏற்ற நேர் ஆண்வழி வாரிசு உயிரோடு கிடைக்கவில்லை. அவருடைய மகன் ஒருவரின் கல்லறை கான்சாசில் இருக்கிறது. எலும்பைத் தோண்டி எடுத்துப் பார்த்துவிடலாமே என்று கேட்டார்கள். வம்சத்தார் முடியாது என்றுவிட்டார்கள். எங்கள் பாட்டி சொன்னது எங்களுக்குத் தெரியும், யாருக்கு நிரூபிக்க வேண்டும் என்ற நிமிர்வு அது. எனக்கு இந்தக் கதை முழுவதிலும் பிடித்த ஆட்கள் இவர்கள்தான்.

சோதனைக்கு ஐந்து வருஷம் முன்னால், 1993இல், மாண்டிசெல்லோவில் வேறொரு வேலை தொடங்கியிருந்தது. அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகளை ஊர் ஊராகத் தேடிப்போய், பாட்டி சொன்னது, பெட்டியில் வைத்திருந்தது, பைபிளில் குறித்திருந்தது எல்லாவற்றையும் ஒலிநாடாவில் பதிவு செய்கிற வேலை. நம்மிடம் அப்படி என்ன இருக்கிறது? தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல். அன்று பத்து வயசில் ஆண்டை வீட்டு மாடு மேய்த்தவர்களுக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. வாரத்துக்கு ஒருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எச்சில் குழாய்க்குக் கட்டுகிற பணத்தில் ஒரு மாசம் பஸ்ஸில் போய் வரலாம், பதிவு செய்யச் செல்போன் போதும். தெருவுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். முதலில் பெண்கள் பெயரை எழுதுங்கள், தாய், தாய்க்குத் தாய், எந்த ஊரிலிருந்து கட்டி வந்தாள், எந்தப் பண்ணையில் நடவு நட்டாள், பிள்ளை பெற்றபோது யார் மருத்துவம் பார்த்தது என்று. ஜாடையைப் பற்றியும் கேளுங்கள், மெதுவாக, தெருவில் வைத்துக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன் என்றால் சொல்ல மாட்டேன் என்றாள் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.